லிஃப்ட் தூக்கவில்லை

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. அப்பா மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போன பிறகு வருகிற இரண்டாவது ஆயுத பூஜை. போன வருடம் டிராக்டரைக் கழுவியது பெரியப்பா வீட்டு ஆள். பின் சக்கரத்துச் சேறு அப்படியே இருக்க, அதன் மேலேயே சந்தனம் வைத்தார். இந்த வருடம் நான் கழுவுகிறேன் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா உளுந்து விதை புடைத்துக்கொண்டிருந்தாள். "செருப்பு போட்டு ஏறாத, வழுக்கும்" என்றதோடு சரி.

எங்கள் வண்டி என்னைவிடப் பதினேழு வயது மூத்தது. கழுவியதை வரிசையாக எழுதுகிறேன், அடுத்த வருடம் உதவும். முதலில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பித்தளை மூடி. பழைய மூடி தொலைந்தபோது அப்பா லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிப் போட்டது. குத்துவிளக்கும் மணியும் பளபளக்கும்போது இது மட்டும் கறுத்துக் கிடப்பது நியாயமில்லை. திருகிக் கழற்றி, பூஜைச் சாமான்களோடு புளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். அது ஊறட்டும் என்று பம்புசெட்டிலிருந்து ஓஸ் இழுத்து, வாயில் பெருவிரலை வைத்து அழுத்திப் பீய்ச்சினேன். சீட்டுக்கு அடியிலும் பின்னாலும் கரிசல் மண் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. இரண்டு மணி நேரம். பெருவிரல் சுருங்கிப்போய்விட்டது. சாப்பிட்ட பிறகு மூடியைப் புளிச் சக்கையால் தேய் தேய் என்று தேய்த்தேன். தங்கம் மாதிரி வந்தது. திருகிப் போட்டு, முதல் சந்தனப் பொட்டை அதற்குத்தான் வைத்தேன்.

அம்மா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "புது வண்டி கணக்கா இருக்கே" என்றாள்.

அக்டோபர் 1, புதன்

பூஜை முடிந்தது. பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன் என்பதால் அவர் அம்மாவிடம் நேராகப் பேசமாட்டார். அம்மாவும் அவர் முகம் பார்த்துப் பேசமாட்டாள். எங்கள் பக்கத்து வழக்கம். நடுவில் தபால்காரராக நான். அம்மா மூன்றடி தள்ளி நிற்கிறாள். அவர் என்னிடம், "செம்பா, ஒங்கம்மாட்டச் சொல்லு, எலுமிச்சம்பழத்து மேல நேரா ஏத்தணும், கோணிரக் கூடாது" என்கிறார். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அம்மா வண்டியை ஏற்றினாள், பழம் நான்கும் நேராகத்தான் நசுங்கின. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நாள் என்று எங்கள் காட்டில் நான்கு சால் ஓட்டினாள் அம்மா. லிஃப்ட் லேசாக உதறுகிறது என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

லிஃப்ட் என்பது வண்டியின் பின்னால் இருக்கும் இரண்டு இரும்புக் கைகள். உள்ளே இருக்கும் எண்ணெயைப் பம்பு அழுத்த, அந்த அழுத்தத்தில் கைகள் மேலே எழுந்து கலப்பையைத் தூக்கும். சாலின் முடிவில் கலப்பையைத் தூக்கித்தான் வண்டியைத் திருப்ப முடியும். இன்று காலை ஒரு மணி நேரம் ஓட்டியதும் ஒன்பது இரும்புக் கொத்துகள் கொண்ட கலப்பை பாதி தூரம் எழுந்து, உதறி, பொத்தென்று விழுந்தது. உள்ளேயிருந்து பூனை உறுமுவது போல ஒரு சத்தம். அம்மா லிவரை இறக்கி ஏற்றிப் பார்த்தாள். அதன் பிறகு எழவே இல்லை.

பத்து நிமிடத்தில் பெரியப்பா வரப்பில் நின்றார். யார் சொன்னார்களோ! "ஒங்கம்மாட்டச் சொல்லு, கலப்பையத் தூக்கி வச்சுக்கிட்டு ரோட்டுல குலுங்கக் குலுங்க ஓட்டுனா பம்பு என்னத்துக்காகும்? பொம்பள கைக்கு அடங்குற சாமானா இது?"

அம்மா ரோட்டில் மாட்டுவண்டி வேகத்தில்தான் போவாள். டவுன் பஸ் ஆரன் அடித்து அடித்து ஓய்ந்துபோகும். அதைப் பார்த்துச் சிரிப்பவர்களே இன்று 'வேகமாக ஓட்டிக் கெடுத்துவிட்டாள்' என்கிறார்கள். டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் என் காதுபட, "இனி அடுப்புக்கும் லிஃப்டு கேப்பாகளோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர்களில் நான்கு பேர் காடு அம்மா உழுத காடு.

மாலை அப்பா போன் செய்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அம்மா பேசுவதற்குள் பெரியப்பா போனை வாங்கிவிட்டார். ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் சோர்ந்திருந்தது. "சரிண்ணே. அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள சரியாகலன்னா சாவிய வாங்கிக்கோங்க. ஒங்க ஆள விட்டே உழுதுக்கலாம்."

சாவி அம்மா இடுப்பில் சேலை முடிச்சில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வண்டி ஓட்டப் பழகிய நாளிலிருந்து அம்மா நிமிர்ந்து நடக்கிறாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபர் 4, சனி

சூசை மெக்கானிக் வந்தார். பெரியப்பாதான் வரச் சொன்னார். வண்டியை ஓட்டுவது அம்மா. லிஃப்ட் விழுந்தபோது சீட்டில் இருந்தது அம்மா. ஆனால் அவர் பெரியப்பாவிடம், "எப்பண்ணே விழுந்துச்சு? சூடானப்பறமா, மொதல்லயேவா?" என்று கேட்டார். பெரியப்பா கொஞ்சமும் கூசாமல், "மொதல்லயே" என்றார்.

"சூடான பிறகுதான்" என்று நான் சொன்னேன். யாரும் திரும்பவில்லை.

சூசை அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்து, காதைச் சாய்த்து, அரை நிமிடம் கேட்டார். "பம்பு போயிருச்சுண்ணே. வண்டிய ரெண்டாப் பொளந்துதான் பாக்கணும். கடைக்கு ஏத்தி விடுங்க. மூணு வாரம் ஆகும்." எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிக்கூடப் பார்க்கவில்லை! நாடி பிடிக்காமல் ஆபரேஷன் எழுதித் தருகிற டாக்டர் உண்டா?

மூன்று வாரத்தில் மழை வந்துவிடும். மழைக்கு முன்னால் உளுந்து மண்ணுக்குள் போயாக வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வண்டியின் கையேடு இருந்தது. தமிழில்! இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் சட்டையைச் செருகிய ஒரு மீசைக்காரர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். பதினோராம் பக்கத்து மீசையை மட்டும் ரப்பரால் அழித்துப் பார்த்தேன். காகிதம் கிழிந்துவிட்டது.

கடைசி அத்தியாயம் 'கோளாறுகளும் தீர்வுகளும்'. அட்டவணையில் 'லிஃப்ட் தூக்கவில்லை' என்பதற்கு ஆறு காரணங்கள். எண்ணெய் குறைவு, லிவர் தவறான நிலை, அதிக பாரம், எண்ணெயில் நீர், வடிகட்டி அடைப்பு. பம்பு தேய்மானம் ஆறாவது! கடைசி! சூசை அண்ணன் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப ஒண்ணுல இருந்து பாப்போம். நீ வாசி, நான் பாக்குறேன்" என்றாள்.

வண்டி நிற்பது பெரியப்பாவின் களத்துக் கொட்டகையில். ஸ்டார்ட் செய்வதற்கு முன் குச்சியை உருவினோம். குச்சியில் எண்ணெய் நல்ல தேன் நிறம். அளவு மேல் கோட்டுக்கும் இரண்டு விரல் அதிகம்! குறைவு இல்லை, ஆகவே முதல் காரணத்தை அடித்தேன்.

அம்மா குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். "நான் ஊத்தவே இல்லையே. எப்பிடிக் கூடும்?"

இரண்டாவது, லிவர் சரியான நிலையில்தான் இருந்தது. மூன்றாவது, கலப்பையைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். வெறும் கைகள் உதறிக்கொண்டே என்றாலும் எழுந்தன. பம்பு செத்துப்போயிருந்தால் அதுகூட எழுமா? இதைச் சூசை அண்ணனிடம் கேட்க வேண்டும்.

அரை மணி நேரம் வண்டியை ஓடவிட்டு மறுபடி குச்சியை உருவினோம். தேன் நிறம் போய்விட்டது. பால் ஊற்றிய காப்பி மாதிரி இருந்தது, நுரையோடு. கையேட்டில் அப்படியே இருக்கிறது: 'எண்ணெய் பால் நிறமாகவோ நுரையுடனோ காணப்பட்டால் நீர் கலந்துள்ளது.' நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கிறது, ஓடினதும் கலந்துவிட்டது! குதித்தேன். அம்மா குதிக்கவில்லை.

"சரி பிள்ள. தண்ணி எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

ஆடிக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. கொட்டகைக்குத் தகரக் கூரை இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். கொட்டகை யாருடையது? சாவி யாருக்கு வேண்டும்? மேலே எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. வகுப்பில் ஒன்றும் மனதில் ஏறவில்லை. மாலை நேராகக் களத்துக்குப் போனேன். பெரியப்பா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். அம்மா கலப்பையின் கொழுக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டேவிட்டேன். "வண்டிக்குள்ள தண்ணி ஊத்துனது நீங்கதான பெரியப்பா?"

பருத்திக்கொட்டை வாளி அவர் கையிலேயே நின்றது. "என்னது?"

"எண்ணெயில தண்ணி கெடக்கு. தானா எப்பிடிப் போகும்? அம்மாட்ட இருந்து சாவிய வாங்கணும்னுதான..."

"ஏட்டி, வாய மூடு" என்று அம்மா கத்தினாள். என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

பெரியப்பா வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பருத்திக்கொட்டை தரையில் சிந்தியது. "என் தம்பி வண்டியிலயா? நானா? இந்த வண்டிய எடுக்க எங்காட்ட ஒத்திக்கு வச்சவன் நானு, அது தெரியுமா ஒனக்கு?" இதை நேராக என்னிடமே சொன்னார். அம்மாவிடம் சொல்லச் சொல்லவில்லை.

அவர் காட்டை அடகு வைத்துத்தான் வண்டி வந்தது என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் நான் கேட்டதில் தவறில்லை. மழை இல்லை, கூரை இருக்கிறது, கொட்டகை அவருடையது. மூன்று காரணங்களும் சரியாக இருக்கின்றன. வேறு யாராவது வேறு காரணம் சொல்லட்டும் பார்க்கலாம். பொம்பள கை என்று அவர் நான்கு நாளாகச் சொன்னாரே, அதற்கு ஒரு காரணமாவது வைத்திருந்தாரா?

அம்மா சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

அடிப்பக்கத்து நட்டைக் கழற்றி எண்ணெயை இறக்கினோம். பெரிய ஸ்பேனருக்கு அம்மா ஒரு குழாயைச் சொருகி, காலால் மிதித்தாள். முதலில் தண்ணீர் மட்டும் வந்தது, ஒரு குடம் இருக்கும். தண்ணீரோடு கரிசல் வண்டல் வந்தது. பிறகு அந்தக் காப்பி எண்ணெய்.

"வண்டலு எப்பிடி வந்துச்சு?" என்று அம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள். குடத்தில் மொண்டு ஊற்றினால் வண்டல் வராது. ஆனாலும் கொட்டகைப் பக்கமும் கரிசல் மண்தான்.

கையேட்டின்படி பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் வடிகட்டி. சிறிய சல்லடைக் கூண்டு. அதன் மேல் வெண்ணெய் மாதிரி ஒரு பசை அடைத்திருந்தது. அம்மா விரலால் வழித்தாள். பசைக்குள் ஒரு நார் இருந்தது. பழுப்பு நிறம், வளைந்து, ஒரு விரல்கடை நீளம்.

அம்மா அதை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அதைச் சேலையில் துடைத்துவிட்டாள்.

'வடிகட்டியைச் சுத்தமான டீசலில் அலசி உலர்த்தவும்' என்று நான் அடுத்த வரியைப் படித்தேன். சத்தமாகத்தான் படித்தேன்.

அக்டோபர் 8, புதன்

கணக்குத் தாள் கொடுத்தார்கள். வேறு எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

அம்மா டவுனுக்குப் போய் இரண்டு கேன் எண்ணெய் வாங்கி, பஸ் கண்டக்டரிடம் சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு வந்தாள். முதலில் கொஞ்சம் ஊற்றி ஓடவிட்டு, அலசி இறக்கினோம். பிறகு முழுதாக ஊற்றினோம். குச்சியின் மேல் கோட்டில் சரியாக நின்றது. வடிகட்டியை அம்மாவே மாட்டினாள். கலப்பையை மாட்டி லிவரை இழுத்தாள்.

தூக்கியது. உதறல் இல்லை, உறுமல் இல்லை. ஒன்பது கொத்தும் ஒன்றாக எழுந்து மேலே நின்றன. ஒரு மணி நேரம் உழுது, வண்டி நன்றாகச் சூடான பிறகும் தூக்கியது. அம்மா சீட்டிலிருந்து சிரித்தாள், பல் எல்லாம் தெரிய.

எண்ணெய் ஊற்றிய வாய்க்குப் பித்தளை மூடியை நான் போடவில்லை. அம்மாவே போட்டாள். இன்னமும் பளபளவென்றுதான் இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்று நாளாகப் பெரியப்பா களத்துப் பக்கம் வரவில்லை. மாட்டுக்குப் பெரியம்மாதான் வைக்கிறாள்.

அக்டோபர் 10, வெள்ளி

மாலை ஆறு மணிக்கு அப்பா போன். பெரியப்பா வந்து வாசல் பக்கமாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். லிஃப்ட் சரியாகிவிட்டது, பம்பு நன்றாக இருக்கிறது, தண்ணீர்தான் புகுந்திருந்தது என்றாள்.

"தண்ணி எப்பிடிப் போச்சு?" என்று அப்பா கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "பூசைக்குக் கழுவயில நாந்தான் மூடியத் தொறந்து போட்டுட்டேன். கவனிக்கல."

பெரியப்பா சுவரிடமிருந்து திரும்பினார். "கேட்டியா தம்பி? நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். இவுக செஞ்ச கூத்துக்கு எம்மேல பழியப் போடச் சொல்லி இந்தச் சின்னக் கழுதையத் தூண்டி விட்டுருக்காக. பொம்பள கைக்கு ஆகாதுன்னு சொன்னா கேக்கணும்ல. சாவியக் குடுக்கச் சொல்லு."

அம்மா சேலை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

அநியாயம் என்று இந்த நோட்டில் எத்தனை முறை எழுதத் தோன்றியதோ, அத்தனை அநியாயமும் ஒன்றாகச் சேர்ந்தது போல் இருந்தது. ஆனால் அதைச் செய்துகொண்டிருந்தது பெரியப்பா இல்லை.

"அம்மா இல்லப்பா, நான்" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியாமல் மறுபடியும் சொன்னேன். "மூடியக் கழட்டுனது நான். கழட்டி வச்சுட்டு ஓஸ் அடிச்சேன். அம்மா வெத பொடச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்குத் தெரியாது. பெரியப்பாவக் கேட்டதும் நானாத்தான். யாரும் தூண்டல."

மஸ்கட்டில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"மூடிய எதுக்குக் கழட்டுன?"

"வெளக்க."

"எதப் போட்டு?"

"புளி."

"பளபளன்னு வந்துச்சா?" என்று அப்பா கேட்டார்.

"வந்துச்சுப்பா." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதேன்.

"வடிகட்டியப் பிரிச்சது யாரு, சூசையா?"

"அம்மா. நான் வாசிச்சேன், அம்மா பிரிச்சா. மாட்டுனதும் அவதான். சூசையண்ணன் பம்பு போச்சுன்னுட்டுப் போயிட்டாக."

"அண்ணே" என்றார் அப்பா. "பம்பு போகாமயே நாம பம்ப மாத்தியிருப்போம்ல. சாவி அங்கனயே கெடக்கட்டும்ணே."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் அவர் முன்னால் போய், "நான் சொன்னது தப்பு பெரியப்பா. மன்னிச்சிருங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். காட்டை ஒத்திக்கு வைத்தவரை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"ம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவைப் பழித்ததற்கு அவர் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். நான் செய்தது தவறு என்பதால் அவர் சொன்னது சரியாகிவிடாது.

அக்டோபர் 11, சனி

வடக்கே மேகம் கறுக்கிறது. விடிந்ததிலிருந்து அம்மா காட்டில் இருக்கிறாள். பத்து மணிக்குப் பெரியப்பா வந்தார். அம்மா வண்டியை நிறுத்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, லிவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"செம்பா, ஒங்கம்மாட்டச் சொல்லு..."

"அம்மா இங்கனதான இருக்கா. நீங்களே கேளுங்க பெரியப்பா" என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தத் தபால் வேலையை விட்டுவிட்டேன்.

அவர் என்னை முறைத்தார். மேகத்தைப் பார்த்தார். பிறகு பின் சக்கரத்தைப் பார்த்து, "மேக்காட்டுக்கு நாளைக்கு வண்டி வருமா?" என்று கேட்டார்.

அம்மா லிவரைப் பார்த்து, "வரும்" என்றாள்.

சக்கரமும் லிவரும் பேசிக்கொண்டன. போதும், இந்த வருடத்துக்கு.

அக்டோபர் 12, ஞாயிறு

பெரியப்பாவின் மேற்குக் காட்டு உழவு மதியத்துக்குள் முடிந்தது. மூன்று மணிக்கு மழை இறங்கியது. எங்கள் உளுந்து நேற்றே மண்ணுக்குள் போய்விட்டது.

மழை பெய்யும்போது கையேட்டை எடுத்து, அட்டவணையின் அடியில் கோடு போட்டு, ஏழாவது வரிசை எழுதினேன். 'கோளாறு: லிஃப்ட் தூக்கவில்லை. காரணம்: பூஜைக்கு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கழுவியது. செய்தவர்: செண்பகவல்லி, பத்தாம் வகுப்பு. தீர்வு: எண்ணெயை இறக்கி, வடிகட்டியை அலசி, புது எண்ணெய் ஊற்றவும்.'

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எண்ணெ எறக்குறதெல்லாம் ரெண்டாவது தீர்வுதான். மொதல்ல, வாயத் தொறந்து சொல்லணும். புளி நாரப் பாத்தீல்ல அன்னைக்கு?"

"நீயும்தான் பாத்த. ஏன் என்னயக் கேக்கல?"

அம்மா பேனாவை வாங்கினாள். 'செய்தவர்' என்ற இடத்தில் என் பெயரை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அதற்குக் கீழே, அவளுடைய பெரிய பெரிய எழுத்தில், 'சரி செய்தவர்' என்று எழுதி, முதலில் என் பெயரையும் பிறகு அவள் பெயரையும் போட்டாள்.